எங்கள் வீட்டுக்குள் பறந்த ஹெலிகொப்டர்

வடக்கில் போர் கடைசிக் கட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்த வருடங்களில் ஒன்று. நாங்கள் அப்போது கண்டியில், ஹந்தானை மலைக்கு ஏறும் வீதியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவள். ஒரு அரச திணைக்களத்தில் படவரைஞர் வேலை கிடைத்துக் கண்டிக்கு வந்தேன். கணவருக்குக் கொழும்பில் வேலை, சனி ஞாயிறுகளில்தான் வருவார். மற்ற நாட்களில் வீட்டில் நானும் ஒன்பது வயது மகளும் மட்டும்தான்.

ஒருநாள் மகளின் வகுப்பாசிரியை என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். கணக்கில் ஏதோ கோட்டை விட்டுவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டு போனேன். ஆசிரியை தயங்கித் தயங்கிச் சொன்னார். பாடசாலைக்கு மேலே ஹெலிகொப்டர் போனால் என் மகள் எழுதிக்கொண்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டு மேசைக்குக் கீழே போய் உட்கார்ந்துவிடுகிறாளாம். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டதற்கு அவள் கொஞ்சமும் வெட்கப்படாமல் பதில் சொல்லியிருக்கிறாள்.

"ஹெலிகொப்டர் வந்தா மேசைக்குக் கீழ போகணும் டீச்சர். அது எங்க வீட்டு வழக்கம்."

பொங்கல், விரதம், திவசம் மாதிரி இதையும் ஒரு வழக்கம் என்று பிள்ளை எடுத்துக்கொண்டிருக்கிறாள்! எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏனென்றால் அந்த வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான்தான்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் குண்டுவீச்சு விமானத்தையும் பார்த்திருக்கிறோம், ஷெல்லையும் பார்த்திருக்கிறோம். ஆனால் என்னைக் கேட்டால் ஹெலிகொப்டர்தான் எல்லாவற்றையும் விடப் பொல்லாதது என்பேன். விமானம் வரும், போய்விடும். ஹெலிகொப்டர் அப்படியில்லை, தலைக்கு மேலே வந்து அந்தரத்தில் நிற்கும். நின்று, மூக்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கும். அந்த மூக்கு எங்கள் பக்கம் திரும்பினால் அவ்வளவுதான். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த சிநேகிதியை அப்படித்தான் இழந்தேன். அதற்கு மேல் அந்தக் கதையை எழுத எனக்கு விருப்பமில்லை.

கண்டியில் அந்தப் பயம் தேவையே இல்லை. இங்கே ஹெலிகொப்டர் வந்தால் யாரோ பெரிய மனிதர் புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைக்கு வருகிறார் என்று அர்த்தம். அது என் மூளைக்குத் தெரியும், முழங்காலுக்குத் தெரியாது. சத்தம் கேட்டதும் நான் சாப்பாட்டு மேசைக்குக் கீழே இருப்பேன், எப்போது போனேன் என்று எனக்கே தெரியாது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளையும் தூக்கிக்கொண்டு போவேன். வளர்ந்த பிறகு அவளாகவே வந்தாள். ஒருமுறை புட்டுக் கோப்பையோடு கீழே வந்து, என் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்து, ஒன்றுமே நடக்காதது போலச் சாப்பிட்டு முடித்தாள். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆசிரியையைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. என் பயம் என்னோடு போய்த் தொலையட்டும். ஒரு நாள்கூடப் போரைப் பார்க்காத பிள்ளைக்கு அது எதற்கு?

அந்தக் கிழமையே, மகளுக்குத் தண்ணீர்ப் போத்தல் வாங்க டவுனுக்குப் போனோம். சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு கடை. பிளாஸ்டிக் வாளியிலிருந்து பொம்மை வரை எல்லாம் இருக்கும். உள்ளே காலை வைத்ததும் 'விர்ர்' என்று ஒரு சத்தம். கடைக்காரர், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் மனிதர், கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒரு சின்ன ஹெலிகொப்டரைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார். மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஒளிவதற்கு மேசை இருக்கிறதா என்று இரண்டு பேரும் ஒன்றாகத் தேடினோம் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குள் ஹெலிகொப்டர் நேராகப் போய், கூரையில் கட்டித் தொங்கவிட்டிருந்த வாளிகளில் மோதிவிட்டது. ஒரு வாளி அறுந்து நானாவின் தலையில் விழுந்தது. ஹெலிகொப்டர் துடைப்பக்கட்டைகளுக்கு நடுவே போய் மல்லாந்து கிடந்து காலை ஆட்டியது.

"யா அல்லாஹ்! காலையில ஈந்து இது மூணாவது வாட்டி!" என்று நானா தலையைத் தடவினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஹெலிகொப்டரைப் பார்த்துச் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால், மகள் ஹெலிகொப்டரைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரிப்பது உண்மைதானா என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் அவளும் சிரித்தாள். அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவளுக்குப் பயமும் என் முகத்திலிருந்துதான் தொற்றுகிறது, சிரிப்பும் அங்கிருந்துதான் தொற்றுகிறது. ஒரு ஹெலிகொப்டர் வாங்கியே தீருவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

இரவு தொலைபேசியில் கணவரிடம் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே?" என்றார். "தமிழாக்கள், ரிமோட், ஹெலிகொப்டர். இந்த மூண்டும் இந்தக் காலத்தில ஒரே வீட்டில இருக்கலாமோ?"

"விளையாட்டுச் சாமான் தானேப்பா."

"அதை ஆமிக்காரனுக்குச் சொல்லும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்களுக்கு வீட்டை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரர் முன்வீட்டில் இருந்த வயதான சிங்களவர், நல்ல மனிதர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பொலிஸில் முன்கூட்டியே சொல்லிவைத்தார். வீட்டு வளவைத் தாண்டிப் பறக்கவிடக் கூடாது, வாங்கியதும் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று சொன்னார்கள். அது போதும் எனக்கு.

சனிக்கிழமை மூவருமாகக் கடைக்குப் போனோம். நானா மூன்று ஹெலிகொப்டர்களை மேசையில் வரிசையாக வைத்தார். ஒன்று உள்ளங்கை அளவு. வெயிலில் கொண்டுபோனால் அதற்கு ரிமோட் சொல்வது கேட்காது, அறைக்குள் மட்டும்தான் ஓடும். இரண்டாவது முழங்கை நீளம், சிவப்பு நிறம், தலையில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு விசிறிகள். மூன்றாவதுதான் பெரியது. பச்சையும் கறுப்பும் கலந்த நிறம். மேலே ஒரே ஒரு விசிறி, வாலில் சின்னதாக இன்னொன்று. அசல் ஹெலிகொப்டரை அச்சில் வார்த்தது போல இருந்தது.

"பெரிசா எடுங்க தாத்தா, ஏன் சின்னத்துல போறீங்க? இத வாங்கினா ஊரே பாக்கும்!" என்றார் நானா. அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா. அந்தப் பெரியது கனநாளாக விற்காமல் கிடந்திருக்க வேண்டும். பெட்டியில் அவ்வளவு தூசி.

ஊரே பார்ப்பதுதான் எங்களுக்கு வேண்டாம் என்று கணவர் முணுமுணுத்தார். ஆனால் எனக்கு அந்தப் பச்சை ஹெலிகொப்டரிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. வென்றால் இதைத்தான் வெல்ல வேண்டும், சிவப்பு வர்ணம் பூசிய பொம்மையை வென்று என்ன பிரயோசனம் என்று ஒரு வீம்பு. பெட்டியிலிருந்த தாளை எடுத்து வாசித்தேன். படம் பார்த்து விளங்கிக்கொள்வது என் தொழில். ஒரே விசிறி சுற்றினால் உடம்பு மறுபக்கமாகச் சுழலப் பார்க்கும், அதை வால் விசிறி ஓயாமல் பிடித்துவைக்க வேண்டும். இரண்டு விசிறிகள் எதிரெதிராகச் சுற்றினால் ஒன்றின் முறுக்கை மற்றது அடித்துவிடும், உடம்பு ஆடாமல் நிற்கும். ஆகவே பழகுகிறவர்களுக்கு இரட்டை விசிறிதான் நல்லது. தாளில் இது தெளிவாகவே இருந்தது. வாசித்துவிட்டும் என் கை பச்சையின் மேல்தான் இருந்தது.

அப்போதுதான் மகளைத் தேடினேன். அவள் என் சேலைக்குப் பின்னால் நின்று, ஒற்றைக் கண்ணால் அந்தப் பச்சையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று கையை எடுத்துவிட்டேன்.

"உனக்கு எது வேணும் குஞ்சு?"

அவள் சிவப்பைக் காட்டினாள். அவ்வளவுதான், தெரிவு முடிந்தது. உதிரியாக விசிறித் தகடுகள் கிடைக்குமா என்று மட்டும் கேட்டு, இரண்டு சோடி சேர்த்து வாங்கிக்கொண்டேன். நானாவின் தலையில் வாளி விழுந்ததை நேரில் பார்த்தவள் ஆயிற்றே!

பெட்டியை நேராகப் பொலிஸுக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். அங்கிருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு மகளிடம் சிங்களத்தில் இது பறக்குமா என்று கேட்டார். அவள் தெரியாது, இன்னும் பார்க்கவில்லை என்றாள். அவர் சிரித்துவிட்டுப் பெட்டியைத் தந்துவிட்டார்.

இனிப் பறக்க வேண்டியதுதானே? அதுதான் இல்லை. பொலிஸுக்குப் போய்வந்த பயம் தெளியாமல் ஞாயிறு முழுவதும் பெட்டியைத் திறக்கவே இல்லை. திங்கட்கிழமை கந்தோரில் என் பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னேன். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, படித்து, எங்கள் கந்தோரில் எழுதுவினைஞராக வந்தவள். வாய் ஓயாமல் பேசுவாள், எனக்குக் கண்டியில் கிடைத்த முதல் சிநேகிதி.

"என்னாங்க நீங்க, புது வண்டி எடுத்தா பிள்ளையாருக்குக் காட்டாம ஓட்டுவாங்களா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இது வண்டியில்லையே..."

"ஓடுதில்ல? அப்ப வண்டிதான். கெளம்புங்க."

அன்று பின்னேரமே மகள், நான், சிநேகிதி, ஹெலிகொப்டர் எல்லோரும் பிள்ளையார் கோயிலில் நின்றோம். ஐயர் முதலில் எங்களையும் பிறகு ஹெலிகொப்டரையும் பார்த்தார். லொறிக்கும் ஓட்டோவுக்கும் பூசை செய்து பழகியவர், இதற்கு எங்கே மாலை போடுவது என்று கொஞ்சம் திகைத்துத்தான் போனார். ஆனால் ஒரு குறையும் வைக்கவில்லை. மூக்கில் சந்தனமும் குங்குமமும், மேல் விசிறித் தகட்டில் தாராளமாக மூன்று விரல் சந்தனம். பிறகு கால்களுக்குக் கீழே இரண்டு எலுமிச்சம்பழம். வண்டி ஏறி நசுக்க வேண்டுமே! எங்களுடையது பழத்தின் மேல் குந்திக்கொண்டு இருந்ததே தவிர, நசுக்க அதற்குப் பாரம் போதவில்லை. கடைசியில் மகள் செருப்புக் காலால் இரண்டையும் மிதித்து முடித்தாள். கோயிலில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து, விளக்கேற்றி, ஹோலின் நடுவில் வைத்து ரிமோட்டின் பிடியை இடது பெருவிரலால் மெல்ல மேலே தள்ளினேன். ஹெலிகொப்டர் குளிர் காய்ச்சல் வந்தது போல நடுங்கியது. நடுநடுங்கியே சரிந்து எழும்பி, சாப்பாட்டு மேசைக் காலில் மோதி, தகடு ஒன்று தெறித்து அலுமாரிக்குப் பின்னால் போய் விழுந்தது. நான் ரிமோட்டைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். மகளும் காதைப் பொத்தினாள். திரும்பவும் என்னைப் பார்த்து அதையே செய்கிறாள்! பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். மனம் விட்டுப்போனது. பயத்தை எடுக்க வாங்கிய சாமானே பயத்தை இன்னும் கூட்டிவிட்டது என்று அன்றிரவு அழுதுவிட்டேன்.

மறுநாள் மனம் கேட்காமல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உடைந்த தகட்டைக் கழற்றும்போதுதான் கண்டேன். அதற்கு எதிர்ப்பக்கத் தகட்டில் சந்தனம் காய்ந்து கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பாரம், மறு பக்கம் பாரமில்லை. நடுங்காமல் என்ன செய்யும்! ஒரு மயிரளவு கோடு பிசகினால் முழுப் படத்தையும் திரும்ப வரைகிற எனக்கு, இது முதலிலேயே தோன்றவில்லை. ஆனால் சந்தனத்தைத் துடைக்கக் கை வரவில்லை, சிநேகிதியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"தொடைங்க, தொடைங்க. சந்தனத்த தொடைச்சா சாமி ஒண்ணும் சொல்ல மாட்டாரு. செவுத்துல மோதிக்கிட்டே இருந்தாத்தான் கோவிப்பாரு!"

ஈரத்துணியால் துடைத்துப் புதுத் தகடு மாட்டினேன். அடுத்த பிரச்சினை இடம். எங்கள் ஹோல் சின்னது, நடுவில் சாப்பாட்டு மேசை. மேசை இருக்கும்வரை பறக்க முடியாது. வீட்டுக்காரரும் வந்து பிடிக்க, மேசையைச் சரித்து விறாந்தைக்குக் கொண்டுபோய்ப் போட்டோம். வெறும் ஹோலைப் பார்த்ததும் மகள் கேட்டாள்:

"அம்மா, இனி பெரிய ஹெலிகொப்டர் வந்தா நம்ம எங்க போறது?"

"வந்தால் பாப்பம்" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

ஆனால் அந்தப் பின்னேரம்! சந்தனம் போன ஹெலிகொப்டர் துளியும் நடுங்கவில்லை. முதலில் பயத்தில் தரையோடு ஒட்டியே ஓட்டினேன். அப்படி ஓட்டினால் தரையில் பட்டுத் திரும்பும் அதன் காற்றே அதை இழுத்துக்கொண்டு திரியும். துணிந்து முழங்கால் உயரத்துக்கு ஏற்றினேன், அடங்கிவிட்டது. அந்தரத்தில் நின்றது. எந்த நிற்றலைப் பார்த்தால் எனக்கு உயிர் போகுமோ அதே நிற்றல், என் விரலின் சொல்லுக்கு! நான் "நிக்குது! நிக்குது!" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினேன். மகள் குதித்தாள். சத்தம் கேட்டு வீட்டுக்காரர் ஓடிவந்து, யன்னலுக்கு வெளியே நின்று கைதட்டினார்.

அதன் பிறகு எங்களுக்கு அதே பைத்தியம்தான். கந்தோர் விட்டதும் பஸ்ஸுக்கு ஓடுவேன். பெட்டரி ஒரு முறை ஏறினால் சோறு அவிகிற நேரம்கூட ஓடாது, பிறகு அது ஏறும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் சமையல், வீட்டுப்பாடம் எல்லாம். என்னைவிட மகள் கெட்டிக்காரியாகிவிட்டாள். ஒன்று மட்டும் எங்கள் இருவருக்கும் பிடிபடவில்லை. வால் எங்கள் பக்கம் இருக்கும்வரை எல்லாம் சுகம். அது திரும்பி மூக்கைக் காட்டினால் இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். மூக்கு என் பக்கம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கை விறைத்து, ஹெலிகொப்டர் சுவரில் போய் முட்டும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். கணவருக்கு அந்தக் கிழமை வர முடியவில்லை. ரிமோட் என் கையில். மகள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெலிகொப்டர் என் நெஞ்சளவு உயரத்தில் நின்றது. அப்போது தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டது, அசல் சத்தம். எந்த நாளும் இல்லாத அளவு தாழ்வாக, ஹந்தானை மலையை உரசிக்கொண்டு எங்கள் கூரைக்கு மேலே வந்தது. யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. என் முழங்கால் தானாக மடியப் பார்த்தது. ஹோலின் நடுவில் நிற்கிறேன், மேசையும் இல்லை. என் விரல் பிசகியதில் சிவப்பு ஹெலிகொப்டர் மெல்லச் சுழன்று, மூக்கை நேரே என் பக்கம் திருப்பிக்கொண்டு நெருங்கி வரத் தொடங்கியது. மேலேயும் அது, முன்னேயும் அது. என் கண் தானாகக் கூரைப் பக்கம் போனது.

"அம்மா! மேல பாக்காதீங்க! நம்ம ஹெலிய பாருங்க!"

மகள்தான். அவள் எங்கேயும் ஓடவில்லை. சுவரோரம் நின்றவள் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

பார்த்தேன். கையை விட்டால் அது பிள்ளையின் முகத்தில் மோதும் என்பது மட்டும்தான் அப்போது தெரிந்தது. இடம் வலம் ஒன்றையும் யோசிக்கவில்லை, விரல் தானாகச் செய்தது. ஹெலிகொப்டர் நின்றது. பிறகு இடது பெருவிரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினேன். இறங்கி, தரையில் ஒருமுறை துள்ளி, விசிறி ஓய்ந்தது. கூரைக்கு மேலே சத்தமே இல்லை. பெரியது எப்போது போனது என்று எனக்குத் தெரியாது.

நான் நின்றுகொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, ஒரு ஹெலிகொப்டர் தலைக்கு மேலே போய் முடிந்த பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மகளைக் கட்டிப்பிடித்தேன். அவள் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டாள், பிறகு என் கையிலிருந்து ரிமோட்டை மெல்ல இழுத்தாள்.

"பெட்டரி முடியப்போகுது அம்மா. இப்ப என் முறை."

அந்த ஹெலிகொப்டர் ஒரு வருடம்கூட உழைக்கவில்லை. போர் முடிந்தது, நாங்களும் வீடு மாறினோம், மகளும் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்கு ஹெலிகொப்டர் சத்தம் இன்றைக்கு வெறும் சத்தம்தான். என்னைக் கேட்டால், பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எங்காவது அந்தச் சத்தம் கேட்டால் இப்போது என் முழங்கால் மடிவதற்கு முன்னால் இடது பெருவிரல்தான் அசைகிறது, வானத்தில் நிற்கும் ஒன்றைப் பத்திரமாகத் தரைக்கு இறக்கிவிடுவதுபோல, மெல்ல, மிக மெல்ல.